தூங்காத வீடு

சைகோனில் இருக்கும் என் மகனுக்கு ஸலாம். இது உம்மா தன் கையாலேயே எழுதும் கடிதம். எழுத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டிருப்பாய். உனக்கு வரும் கடிதமெல்லாம் வாப்பா சொல்ல, கடைக் கணக்கப்பிள்ளை எழுதுவது. கடைசியில் ‘உம்மா துஆ சொன்னார்கள்’ என்று ஒரு வரி எனக்காக ஒட்டவைப்பார்கள். இந்தத் தடவை அந்த ஒரு வரி எனக்குப் போதாது. பயப்படாதே, இங்கே யாரும் மவுத்தாகவில்லை. வாப்பா இருக்கிறார். உன் தங்கை அவள் வீட்டில் சுகமாக இருக்கிறாள். நான் கோபத்தில் இருக்கிறேன், அவ்வளவுதான். கோபம் உன்மேல் இல்லை. யார்மேல் என்று எழுதி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்தாலும் தெரியலாம்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா வீடு திரும்பியபோது உன் கடிதம் வந்திருந்தது. அவரோடு பள்ளிவாசல் ஆலிம்சாவும், பட்டினத்திலிருந்து உனக்குப் பெண் கொடுக்கப்போகிறவரும் வந்திருந்தார்கள். உன் நிக்காஹுக்கு நாள் பேச வந்தவர்கள். வாப்பா கடிதத்தைப் பிரித்து எல்லோரும் கேட்கும்படி சத்தமாக வாசித்தார். நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கடையில் வேலை அதிகம், மழை விடவில்லை என்பதெல்லாம் வந்தது. பிறகு நீ எழுதியிருந்தாய்: கொஞ்ச மாதங்களாக இரவில் உறக்கம் வருவதில்லை, படுத்தால் காலுக்குள் ஏதோ ஊர்கிறது, எழுந்து நடந்தால் அடங்குகிறது, படுத்தால் மறுபடி தொடங்கிவிடுகிறது, சிறுநீருக்கும் அடிக்கடி எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. எழுந்ததுதான் எழுந்தோம் என்று ஒளு செய்து தொழுதுவிடுகிறேன், நம் வீட்டுக் கால்தட்டு எனக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது, வாப்பா. இப்படி எழுதியிருந்தாய். வாப்பா அந்த வரியை இரண்டாம் தடவையும் வாசித்தார். ஆலிம்சா அல்ஹம்துலில்லாஹ் என்றார். உன் வருங்கால மாமனார், “பாட்டனாருக்கு வந்துச்சு, சம்பந்திக்கு வந்துச்சு, இப்ப நம்ம மாப்பிள்ளைக்கும் வந்துடுச்சு. எம்மவ குடுத்து வச்சவ” என்றார். எனக்குப் பானை கை நழுவிக் கொதிக்கிற கஞ்சி பாதத்தில் கொட்டிவிட்டது. அன்று நான் நொண்டி நொண்டிப் பரிமாறியதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

மகனே, சுற்றி வளைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் ஒரு டாக்டரிடம் போ. காலையில் முதலில் போகிற சிறுநீரைச் சுத்தமான சீசாவில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதிக்கச் சொல். கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கச் சொல். உனக்கு வந்திருப்பது பாக்கியம் இல்லை என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அது உன் வாப்பாவின் உடம்பில் இருக்கிற அதே நோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. வாப்பாவுக்கு என்ன நோய் என்று உனக்குத் தெரியாது. உனக்கு மட்டும் இல்லை, இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கும் அவருக்கும் தலத்தெரு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். ‘லேசான நீர்க்கோர்வை’ என்று உனக்கு எழுதினார்களே, அது பொய்.

நம் வீட்டுக்குத் தூங்காத வீடு என்று பெயர் வந்த கதை உனக்கு மனப்பாடம். உன் பாட்டனார் இரவெல்லாம் விழித்திருந்து வணங்கியவர். கடற்கரைக்குச் சாமான் ஏற்றிப் போகிற வண்டிக்காரர்கள் எந்நேரம் போனாலும் நம் மாடி ஜன்னலில் விளக்கு எரியும் என்று சொல்வார்கள். வானத்திலிருந்து மலக்குமார் இறங்கி வந்து பாதத்தைத் தட்டி, எழுந்திரு, தொழு என்று அவரை எழுப்புவார்களாம். கால்தட்டு என்ற சொல் அப்படித்தான் வந்தது. வேறு எந்த வீட்டிலும் அந்தச் சொல் கிடையாது. காரைக்காலில் வேறு யாரிடமாவது “நேத்து கால் தட்டுச்சா?” என்று கேட்டால் கல் தடுக்கியதா என்று கேட்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவர் மவுத்தாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஐம்பதைக்கூடப் பார்க்காமல் போனவர். கடைசியில் முகமெல்லாம் நூர் இறங்கிப் பளபளவென்று உப்பியிருந்தது என்று எனக்குச் சொன்னார்கள். நானும் கேட்டுத் தலையாட்டினேன். உப்பிய முகத்தை ஒளி என்று சொன்னால் ஒளி என்றுதானே புதுப்பெண் நினைப்பாள்.

உனக்குத் தெரியாத கதை ஒன்று சொல்கிறேன். கல்யாணமான புதிதில் உன் வாப்பா மாதிரி உறங்குகிற மனிதரை நான் பார்த்ததில்லை. தலையணையில் தலை படுவதுதான் தெரியும், குறட்டை தெருமுனை வரைக்கும் கேட்கும். தூங்காத வீட்டு மாப்பிள்ளை இப்படித் தூங்குகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வரும். அவருக்கோ அது பெரிய வெட்கம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள், “நீங்களும் ராத்திரி முழிச்சிருப்பீங்களோ?” என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார். தன் வாப்பாவுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லை, தன்னிடம் ஏதோ குறை என்று மனதுக்குள் குமைந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து தாண்டிய பிறகு ஒரு நாள் சுபுஹு நேரத்தில் என்னை எழுப்பினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “இந்தா பாரு, கால் தட்டிடுச்சு. ராத்திரி பூரா கண்ணை மூடலை” என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நீ பிறந்தபோதுகூட நான் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் சர்க்கரை போட்டுப் பாயசம் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தேன். நோய் வீட்டுக்குள் வந்ததைப் பாயசம் காய்ச்சிக் கொண்டாடியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீயும் அந்தப் பாரத்தைச் சுமந்தவன்தான். சின்ன வயதில் நீ கும்பகர்ணன். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுப்பினால் சோற்றுத் தட்டுமுன் உட்கார்ந்தபடியே உறங்குவாய். வாப்பா உன்னைப் பார்த்து, “இவன் எப்பத்தான் முழிப்பான்?” என்பார். வேடிக்கையாகத்தான் சொல்வார். ஆனால் நீ ஒரு நாள் அடுப்படிக்கு வந்து, “உம்மா, எனக்குக் கால் தட்டாமலே போயிடுமா?” என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? “வரும் தம்பி, நேரம் வந்தா வரும்” என்று சொல்லி உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். வந்துவிட்டது, மகனே.

அந்த விழிப்பு எப்படி இருக்கும் என்று ஊரில் யாரும் பார்த்ததில்லை, நான்தான் பார்த்தேன். முதல் சில வருஷம் தொழுகைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பிறகு பிறகு தொழுகை குறைந்து நடை அதிகமானது. படுக்கையில் காலை நீட்டினால் எலும்புக்குள் எறும்பு புகுந்தது போல் துடிப்பார். எழுந்து முற்றத்தில் நடப்பார். குளிர்ந்த தரையில் பாதத்தை வைத்துத் தேய்ப்பார். நான் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவேன். பழைய துப்பட்டியைக் கிழித்துக் கெண்டைக்காலில் இறுக்கிக் கட்டுவேன். கட்டினால் கொஞ்சம் அடங்கும். பிறகு அரிப்பு வந்தது. தோலில் ஒரு புள்ளி கிடையாது, ஆனால் முதுகைச் சுவரில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்வார். அசந்து கண்ணை மூடினாலோ குறட்டை நடுவில் நின்றுபோகும். மூச்சே இருக்காது. நான் எழுந்து உட்கார்ந்து காத்திருப்பேன். தண்ணீருக்குள்ளிருந்து எழுகிறவர் மாதிரி ஒரு திணறல் திணறி மறுபடி மூச்சு வரும். தூங்காத வீடு என்று ஊர் சொல்வது பொய்யில்லை. அவர் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. அவருக்குப் பெயர் கிடைத்தது.

இரவில் வராத உறக்கம் பகலில் வட்டியோடு வந்தது. கடையில் துணி அளந்துகொண்டிருக்கும்போதே முழக்கோலைப் பிடித்தபடி கண் சொருகிவிடும். வாடிக்கைக்காரர்கள் மரியாதையாகக் காத்திருப்பார்கள். இரவெல்லாம் வணங்கிய களைப்பு, பாவம் என்பார்கள். ஒரு நாள் பகல் லுஹர் தொழுகை முடிந்து தனியாகச் சுன்னத்துத் தொழும்போது சஜ்தாவில் தரையில் நெற்றி வைத்தவர் எழவே இல்லையாம். பள்ளியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சத்தம் போடாமல் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். இவ்வளவு நீண்ட சஜ்தாவைத் தங்கள் ஆயுளில் கண்டதில்லை என்று ஆலிம்சா அடுத்த வெள்ளி பயானிலேயே சொன்னார். வீட்டுக்கு வந்த வாப்பா என் முகத்தைப் பார்க்காமல், “தூங்கிட்டேன் புள்ளே. சஜ்தாவுல தூங்கிட்டேன். எழுந்து பார்த்தா எல்லாரும் அழுதுக்கிட்டிருக்காங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்து முடிந்ததும், “யாருட்டயும் சொல்லிடாதே” என்றார். நான் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது, ஒளிப்பானேன்? கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்கள் எழுந்து இடம் விடுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்னிடம் வந்து, “மாமி, மாமாவ ராத்திரி துஆ கேக்கச் சொல்லுங்க” என்பார்கள். அந்த மரியாதைக்கு நானும் பழகிப்போயிருந்தேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி முதல் நோன்பு முடிந்த சமயம் அவருக்குக் காலையில் முகம் வீங்க ஆரம்பித்தது. சிறுநீரில் சோப்பு கரைத்தது போல் நுரை. பெண்கள், “மாமாக்கு நூர் எறங்கியிருக்கு பாருங்க” என்று சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. பாட்டனாருக்கும் கடைசியில் இப்படித்தானே நூர் இறங்கியது? மறுநாளே அடம்பிடித்து அவரை ஜட்காவில் ஏற்றித் தலத்தெரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்துவிட்டு வந்தவர், நம் ஊர்க்காரர்தான். நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். திரை விலகின இடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேல் பாதி பால் திரிவது போல வெளுத்துத் திரண்டுவிட்டது. டாக்டர் குழாயை ஆட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “ராத்திரியில கால் எப்படி இருக்குங்க பாய்?”

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எவ்வளவு நேரம் தொழுதீர்கள், என்ன ஓதினீர்கள் என்று கேட்பார்கள். கால் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. வாப்பா, “காலுக்கு ஒண்ணுமில்லைங்க” என்றார். நான் திரைக்குப் பின்னாலிருந்து, “இருக்குங்க” என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. பிறகு நிறுத்த முடியவில்லை. எறும்பு, நடை, துணிக்கட்டு, அரிப்பு, நின்றுபோகும் மூச்சு, பகல் உறக்கம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். ரேன் இரண்டும் கெட்டிருக்கிறது, ரத்தத்திலிருந்து வெளியே போக வேண்டிய கழிவு உள்ளேயே தங்குகிறது, அதுதான் காலையும் தோலையும் உறக்கத்தையும் படுத்துகிறது என்றார். எனக்குப் புரியவில்லை. திரும்பும்போது ஜட்காவில், “யாருங்க அந்த ரேணு?” என்று கேட்டேன். அவ்வளவு கலக்கத்திலும் வாப்பாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பிரெஞ்சில் சிறுநீரகத்துக்கு அப்படிப் பெயராம். அதற்குப் பிறகு எங்களுக்குள் ரேணு என்றே பேசிக்கொள்கிறோம். ரேணு இன்றைக்கு எப்படி இருக்கிறாள், ரேணுவுக்கு உப்பு ஆகாது என்று. பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் இதைக் கேட்டுவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

அந்த டாக்டர் இன்னொரு கேள்வியும் கேட்டார். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே அதற்காகத்தான். “உங்க வாப்பாவுக்கு இந்த மாதிரி இருந்ததா? வீட்டுல வேற யாருக்காவது?” என்றார். சில சிறுநீரக நோய் வீட்டோடு வரும், அப்படியென்றால் பிள்ளைகளை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும், ஆரம்பத்தில் பிடித்தால் உப்பைக் குறைத்து, ரத்த அழுத்தத்தைக் கவனித்துப் பல வருஷம் தள்ளலாம், முற்றிய பிறகு தன் கையில் ஒன்றும் இல்லை என்று விளக்கியும் சொன்னார். உன் வாப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல், “இல்லைங்க. எங்க வாப்பா நல்லா இருந்தாங்க. அவங்களுக்கு ஒரு நோயும் கிடையாது” என்றார். நான் பார்க்காத மனிதரைப் பற்றி நான் என்ன சொல்வது? ஆனால் அவர் அவ்வளவு வேகமாகச் சொன்னது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

உன் கடிதம் வந்த அன்று விருந்தாளிகள் போன பிறகு கேட்டேன். “புள்ளைக்கும் அதே கால். அவனை டாக்டருட்ட போகச் சொல்லி எழுதுங்க” என்றேன். “உனக்குப் பைத்தியமா? எனக்கு வந்தது வேற, அவனுக்கு வந்தது வேற” என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். “நாள் குறிச்சாச்சு. இப்ப இதைக் கிளப்புனா பட்டினத்துக்காரங்க என்னா நினைப்பாங்க? நிக்காஹ் முடியட்டும், பாப்போம்” என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. உன் வாப்பாவை நான் எதிர்த்துப் பேசியதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் அல்லவா? அன்று பேசினேன். “எனக்கும் நிக்காஹ் முடிஞ்ச பொறவுதான் எல்லாம் தெரிஞ்சுச்சு. இத்தனை வருஷமா உங்க காலைக் கட்டுறேன். வரப்போற அந்தப் பொண்ணுக்கும் ஒரு துப்பட்டியைக் கிழிச்சுக் கையில குடுத்துடவா?” என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவரைப் புண்படுத்திவிட்டேன் என்று தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அவர் எதற்காக அஞ்சுகிறார் என்பதும் எனக்குத் தெரியும். நோய் என்று ஒத்துக்கொண்டால் தன் பெயர் போய்விடும் என்பதற்காக அல்ல. அவர் அவ்வளவு அற்ப மனிதர் இல்லை. தன் வாப்பாவின் பெயர் போய்விடும் என்று அஞ்சுகிறார். இந்த வீட்டில் எல்லாமே அந்த ஒரு மாடி ஜன்னல் விளக்கைச் சுற்றிக் கட்டியது. கடைக்கு ஆள் வருவதும், உனக்குப் பெண் வந்ததும் அதனால்தான். அதை ஊதி அணைக்கப் பாட்டனாரின் பிள்ளைக்கு மனம் வராது. ஆனால் நான் அந்த வீட்டுப் பிள்ளை இல்லையே. உன்னைப் பெற்றவள். நீ முப்பதுகூட ஆகாதவன். வாப்பாவுக்கு வந்ததைவிட உனக்கு முந்தி வந்திருக்கிறது.

சரி, இப்போது நான் சொல்கிறபடி செய். உப்பைக் குறை. அந்த ஊரில் எல்லாவற்றிலும் ஒரு மீன் தண்ணீரை ஊற்றித் தருவார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய், அதைத் தொடாதே. இங்கிருந்து நான் அனுப்பிய கருவாடும் ஊறுகாயும் மிச்சமிருந்தால் யாருக்காவது கொடுத்துவிடு. இனி அனுப்ப மாட்டேன். உறக்கம் வர வேண்டும் என்று யாராவது மாத்திரையோ அபினோ தந்தால் வாங்காதே. வாப்பாவுக்கு யாரோ ஒருவர் உறக்க மாத்திரை கொடுத்துவிட, இரண்டு நாள் அவர் எழுந்திருக்காமல் கிடந்தார். பழுதான சிறுநீரகம் அதை வெளியே தள்ளாது, உள்ளேயே தங்கிவிடும் என்று டாக்டர் என்னைக் கடிந்துகொண்டார். தொழ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வேனா? தொழு. ஆனால் வலியில் எழுந்துவிட்டு அதற்கு வேறு பெயர் வைக்காதே. உறக்கமும் படைத்த ரப்பு கொடுத்த சுகம், ராஹத்துதான். அது பறிபோனால் போய்த் தேடிக் கேட்க வேண்டும். பூரித்துப்போய்க் கடிதம் எழுதக் கூடாது.

ஒருவேளை ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். மூட்டைப்பூச்சியாக இருக்கலாம், சைகோன் புழுக்கமாக இருக்கலாம், பட்டினத்துப் பெண்ணை நினைத்து உறக்கம் கெட்டிருக்கலாம். அப்படியென்றால் ‘உம்மா, கண்ணாடிக் குழாய் தெளிவாக இருக்கிறது, நீங்கள் வீணாக ஊரைக் கூட்டினீர்கள்’ என்று என்னைக் கேலி பண்ணி எழுது. அந்தக் கேலிக்காகத்தான் ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் கையேந்திக்கொண்டிருக்கிறேன். ஆனால் எதுவானாலும் பெண் வீட்டுக்கு நானே போய்ச் சொல்லப்போகிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். வேண்டும் என்றால் அந்தப் பெண் தெரிந்தே வரட்டும்.

இதுவரை எழுதி மடிக்கப் போகும்போது வாப்பா அஸர் தொழுதுவிட்டு வந்துவிட்டார். ஒளித்துவைக்க நேரமில்லை. “யாருக்கு?” என்றார். “புள்ளைக்கு” என்றேன். “வாசி” என்றார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வரியையும் நான் விடவில்லை. பாயசத்தை வாசித்தேன், சஜ்தாவை வாசித்தேன், ரேணுவை வாசித்தேன், அவர் டாக்டரிடம் சொன்ன பதிலையும் வாசித்தேன். வழக்கமாக இந்த நேரத்தில் அவர் கண் அசந்துவிடும், இன்றும் அசந்துவிட்டாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். கண் மூடித்தான் இருந்தது. பாதம் மட்டும் தரையில் தேய்ந்துகொண்டே இருந்தது. வாசித்து முடித்ததும் கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன்.

“ஒண்ணை விட்டுட்டே” என்றார்.

என்ன என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. “எங்க வாப்பா காலுக்கும் துணி கட்டணும். நான்தான் கட்டுவேன், சின்னப் புள்ளையில. இறுக்குடா, இறுக்குடான்னு அழுவாங்க. கீழ கேக்கக் கூடாதுன்னு தலவாணியைக் கடிச்சுக்கிட்டு அழுவாங்க. விடிஞ்சதும் எல்லாரும் வந்து கையை முத்திக் கண்ணுல ஒத்திக்குவாங்க. கால் தட்டுச்சான்னு கேப்பாங்க. வாப்பா ஆமாம்பாங்க. நானும் பக்கத்துல நின்னு ஆமாம்பேன்.” நான் போய் அவர் பாதத்தை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். “எழுது” என்றார்.

எழுதிவிட்டேன். மகனே, அந்த ஊர் டாக்டரும் உன்னிடம் இதே கேள்வியைக் கேட்பார், உன் வீட்டில் வேறு யாருக்காவது இது உண்டா என்று. உண்டு என்று சொல். இரண்டு பேருக்கு என்று சொல்.

உன் உம்மா